புதனும் சனியும்

5 செப்டம்பர் 2018, புதன்
ஃபோர்ட் காலின்ஸ்

அன்புள்ள கர்ட்டிஸ்,

நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது என்று நீதிமன்றம் நியமித்த மத்தியஸ்தர் அம்மா சொன்னதால் இந்த நோட்டு. ஜோசியின் பையில், முன்பக்க உறையில் இருக்கும். புதன் மாலை அவள் உன்னிடம் வரும்போது நான் எழுதியது உனக்கு. சனி மாலை திரும்பி வரும்போது நீ எழுதியது எனக்கு. ‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும் என்பதும் அந்த அம்மா வைத்த விதிதான். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

ஜோசியின் வயிற்றுவலிக்கு எடுத்த சோதனைகள் எல்லாம் வந்துவிட்டன. ரத்தம், ஸ்கேன், கோதுமை ஒவ்வாமை, எதிலும் ஒன்றும் இல்லையாம். ‘கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்கிறார் டாக்டர். ஒன்பது வயதுக் குழந்தை குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பதை அவர் பார்க்கவில்லை. இன்று காலையும் அப்படித்தான் கிடந்தாள். பேலியோவுக்கு, அந்தக் கற்கால மனிதர் சாப்பாட்டுக்கு, மாறிய பிறகு என் மூட்டு வீக்கம் குறைந்தது உனக்குத் தெரியும். அறுபது நாள் அவளுக்கும் அதையே தரப்போகிறேன். ரொட்டி, பாஸ்தா, அரிசி, ஓட்ஸ், பீன்ஸ், பால், சீஸ், சர்க்கரை கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, காய், பழம், பாதாம், வால்நட் உண்டு. அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது வலித்தது என்பதை இருவரும் இந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவருவோம். எது ஆகவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

நேரமில்லை என்பாய். எனக்கும் இல்லை. நாள் முழுக்கப் பத்துப் பேருடைய பல்லைச் சுத்தம் செய்துவிட்டு ஐந்தரைக்குத்தான் வீடு வருகிறேன். ஒரே ஒரு பேக்கிங் தட்டு போதும். கோழித் தொடை, விரல் பருமனுக்கு நறுக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ப்ரோக்கலி. மேலே ஆலிவ் எண்ணெய், உப்பு, பூண்டு. ஓவனில் முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் நீ குளித்துவிடலாம்.

போன வாரம் அவள் சட்டைக் கையில் டப்பா மக்ரோனியின் ஆரஞ்சு நிறச் சீஸ் தூள் இருந்தது. இனி இருக்கக்கூடாது.

மேரன்

*

8 செப்டம்பர், சனி
லவ்லேண்ட்

அன்புள்ள மேரன்,

(விதியை மதித்துவிட்டேன்.)

உன் கோழியைச் செய்தேன். முப்பத்தைந்து நிமிடம் என்று எழுதிய நீ எந்தச் சூட்டில் என்று எழுதவில்லை. அடுப்பின் திருகு எவ்வளவு தூரம் திரும்புமோ அவ்வளவு தூரம் திருப்பிவைத்தேன். புகை அலாரம் அலறியது. ஊர் முழுக்க ஹீட்டர் பழுதுபார்ப்பவன் வீட்டில் இப்படி. நாற்காலியில் ஏறித் துண்டை வீசிக்கொண்டிருந்தபோது உன் மகள் கேட்டாள்: “அப்பா, குகையில இருந்தவங்ககிட்ட அலாரம் இருந்துச்சா?” இல்லை என்றேன். “அப்போ அவங்க எப்டி சாப்பாடு ரெடியாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க?” என்றாள்.

கிழங்கு கரி. கோழி உள்ளே நன்றாகவே இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

கற்கால மனிதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவன் குழந்தைக்கு எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். இன்று மதியம் வலித்தது. காலையில் முட்டையும் ஆப்பிளும் சாப்பிட்டிருந்தாள். மதியம் ஒரு காலில் ஷூவுடன் அப்படியே படுத்துவிட்டாள். வெந்நீர்ப் பை வைத்தேன்.

கர்ட்டிஸ்

*

19 செப்டம்பர், புதன்

அன்புள்ள கர்ட்டிஸ்,

ஓவன் நானூறு டிகிரியில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் தவறு.

இரண்டு வாரம் ஆகிவிட்டது, வலி நிற்கவில்லை. இன்று காலையும் வந்தது. நேற்று இரவு கொத்துக்கறி உருண்டை, காலையில் முட்டையும் கீரையும். எனக்கு முட்டை மேல்தான் சந்தேகம். முட்டையை நிறுத்து. தக்காளியும் வேண்டாம். பாதாமும் வேண்டாம் என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்லிக்கொடுத்த வாழைப்பழ அடையும் போயிற்று. அதில் முட்டையும் பாதாம் மாவும்தானே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமைத்து டப்பாக்களில் போட்டு, மூடி மேல் பெயர் எழுதி அனுப்பியிருக்கிறேன். நீலமூடி வியாழன், பச்சைமூடி வெள்ளி. சூடு பண்ணினால் போதும். காலிஃபிளவரைத் துருவி வதக்கியது சோறு மாதிரியே இருக்கும். அவள் “இது சோறு இல்ல, சோறு வேஷம் போட்டுக்கிட்ட காய்” என்கிறாள். சாப்பிடவை.

அடுத்த வாரம் எனக்கு டென்வரில் பயிற்சி. புதனுக்குப் பதில் செவ்வாயே அவளை அழைத்துக்கொள்ள முடியுமா?

மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு காய்களைப் பற்றி யோசிக்கிறேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மேரன்

*

29 செப்டம்பர், சனி

அன்புள்ள மேரன்,

முதலில் நல்ல செய்தி. பழைய பொருள் கடையில் பகல் முழுக்கத் தானாகவே மெதுவாக வேகவைக்கும் ஒரு மின்பானை கிடைத்தது. காலை ஆறரைக்குப் பன்றித் தோள்கறி, வெங்காயம், ஆப்பிள், உப்பு எல்லாம் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனேன். வந்தால் வீடு மணத்தது. கறியை முள்கரண்டியால் உதிர்த்து முட்டைக்கோஸ் இலையில் சுற்றிச் சாப்பிட்டோம். பக்கத்துக் குடியிருப்பில் இருப்பவர் கதவைத் தட்டி, என்ன வாசனை என்று கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இனி சொல்லப்போவதற்கு நீ கோபப்படுவாய். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் உண்மையை எழுதத்தானே இந்த நோட்டு.

வியாழக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வரும்போது அவள் வண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னடா என்றேன். “எல்லாரும் கேக் சாப்பிட்டாங்க. நான் கேரட் சாப்பிட்டேன்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. நேராக ஹோட்டலுக்கு வண்டியை விட்டேன். பான்கேக், மைதா, சிரப், வெண்ணெய், எல்லாம். நான்கு சாப்பிட்டாள். நான் சாப்பாட்டைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி வரவில்லை, மேரன். அன்று இரவும் இல்லை, வெள்ளியும் இல்லை. இன்று மதியம்தான் வந்தது. இன்று அவள் சாப்பிட்டது வான்கோழியும் பேரிக்காயும் மட்டும்.

கர்ட்டிஸ்

*

3 அக்டோபர், புதன்

கர்ட்டிஸ்,

அன்புள்ள என்று எழுத முடியவில்லை. மத்தியஸ்தர் அம்மா கேட்டால் கேட்கட்டும்.

இருபத்திரண்டு நாள் காத்த விரதத்தை நாலு பான்கேக்கில் முடித்துவிட்டாய். சாப்பிட்டது இரண்டு நாள் கழித்துக்கூட வேலை செய்யும், அது உனக்குத் தெரியாது. திரும்ப முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு மூன்று பவுண்டு எடை குறைந்திருக்கிறது. அவள் வகுப்பு டீச்சர் கூப்பிட்டுக் கேட்கிறாள். நான் என்ன சொல்வது, அவள் அப்பாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றா? முகம் வாடுவதை நானும்தான் தினமும் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே கேரட் நறுக்குகிறேன்.

அவள் யாரிடம் எத்தனை நாள் என்ற நம் ஏற்பாட்டை நவம்பரில் நீதிமன்றத்தில் மறுபரிசீலனை செய்யும்போது, வலி தீரும்வரை அவள் என்னிடமே இருக்கட்டும் என்று கேட்கப்போகிறேன். முன்கூட்டியே சொல்கிறேன். இன்று காலையும் வலி.

மேரன்

*

6 அக்டோபர், சனி

மேரன்,

படித்தேன். மூன்று நாளும் நீ அனுப்பிய டப்பா உணவு மட்டும்தான். பின்பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டரைக்கு வலி.

அவளை என்னிடமிருந்து எடுத்துவிடாதே. வேறு எழுதத் தெரியவில்லை.

கர்ட்டிஸ்

*

20 அக்டோபர், சனி

அன்புள்ள மேரன்,

இதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படிப்பாய் என்று தெரியும், உட்கார்.

வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் ஹீட்டருக்கு உதிரிப் பாகம் வரவேண்டியிருந்தது. இரண்டு மணிநேரம் வண்டியிலேயே காத்திருந்தேன். கையில் இந்த நோட்டு. உணவுப் பக்கங்களை முதலிலிருந்து படித்தேன். நீ சாப்பாட்டைத்தான் பார்த்துவந்தாய், நானும் அப்படித்தான். அன்று வேறு எதுவும் செய்ய இல்லாததால், வலி வந்த நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். பதினொரு வட்டம். பத்து புதனும் சனியும். ஒன்றே ஒன்று செவ்வாய், செப்டம்பர் இருபத்தைந்து.

அது ஏன் செவ்வாய் என்று ஞாபகம் இருக்கிறதா? உனக்கு டென்வர் பயிற்சி. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே அவளை அழைத்துவந்தேன்.

உதிரிப் பாகம் வந்ததுகூடத் தெரியவில்லை. அந்த வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

மாலை அவளிடம் கேட்டேன். வண்டியில் வைத்துக் கேட்டேன், என் முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்காது என்று.

“ஜோசி, வயிறு எப்ப வலிக்கும்னு உனக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப?”

“பைய எடுத்து வெக்கறப்ப.”

“ஏன்டா?”

சீட் பெல்ட்டை விரலில் முறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “எதையாவது மறந்துடுவேனோன்னு இருக்கும். அப்புறம், நான் போயிட்டா நீ தனியா இருப்ப. அங்கருந்து வந்தா அம்மா தனியா இருப்பாங்க. யாராவது ஒருத்தர் எப்பவும் தனியாதான் இருக்கணும்.”

“இத ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“நீங்க ரெண்டு பேரும் சாப்பாடுதான்னு சொன்னீங்க. நானும் சாப்பாடுதான்னு நெனச்சேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் வானொலியைப் போட்டாள்.

நீ தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ அவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்திருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

கர்ட்டிஸ்

*

24 அக்டோபர், புதன்

அன்புள்ள கர்ட்டிஸ்,

நீ சொல்வதை நம்பவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு நாளாக மனதில் எழுதிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே எல்லா நாளையும் திரும்ப எண்ணினேன். பதினொன்று.

திங்கட்கிழமை டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். ‘குழந்தைகளுக்கு இப்படி வரும், வலி பொய்யில்லை’ என்றார். வயிற்றில் ஒன்றுமில்லை என்று இரண்டு மாதம் முன்பே சொன்னவர்தான். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஒன்றுமில்லை என்றால் நான் என்ன செய்வது? சாப்பாடு என்றால் என்னால் ஏதாவது செய்ய முடியும். வாங்கலாம், நறுக்கலாம், மூடியில் பெயர் எழுதலாம். சாப்பாடாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் என் குழந்தையின் கையிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பிடுங்கினேன். முட்டை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும்.

இன்று காலை நான்தான் அவள் பையை எடுத்துவைத்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் வலித்தது. முட்டை இரண்டு பொரித்துக்கொடுத்தேன். “இன்னைக்கு சாப்பிடலாமா?” என்று என்னைக் கேட்டாள், கர்ட்டிஸ். அனுமதி கேட்டாள்.

நீதிமன்றத்தில் நான் கேட்கப்போவதாகச் சொன்னதைக் கேட்கமாட்டேன். அவளைப் பையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

மேரன்

*

3 நவம்பர், சனி

அன்புள்ள மேரன்,

தோன்றியது. பத்து நாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது, எழுதத்தான் மனமில்லை.

பை ஒரே வீட்டில் இருக்கட்டும். உன் வீட்டில். பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கும் தூரம், அவள் சிநேகிதிகள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள், இங்கே என் ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம்தான். வலி தீரும்வரை என்று நீ கேட்டிருந்தாய். வரம்பு ஒன்றும் வேண்டாம். நீதிமன்றக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு ஒன்று கொடு. செவ்வாயும் வியாழனும் ஐந்தரைக்கு நான் உன் வீட்டுக்கு வந்து சமைக்கிறேன். நீ வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார். உன் பேலியோவே சமைக்கிறேன், அது எனக்குப் பழகிவிட்டது. அவள் விரும்பினால் ஒரு துண்டு ரொட்டி பக்கத்தில் இருக்கட்டும். பாத்திரம் கழுவிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன். சனிக்கிழமை பகல் முழுக்க அவள் என்னோடு, கைவீசிக்கொண்டு வரட்டும். பை வேண்டாம்.

அவளிடம் இருவரும் சேர்ந்து சொல்வோம். ஞாயிறு மதியம் வரட்டுமா?

இங்கே அவள் அறையில் இருக்கும் கட்டிலை அப்படியே விட்டுவைக்கிறேன். அதைப் பிரிக்கச் சொல்லாதே.

கர்ட்டிஸ்

*

14 நவம்பர், புதன்
ஃபோர்ட் காலின்ஸ்

அன்புள்ள கர்ட்டிஸ்,

இந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போக இனி யாரும் இல்லை. நாளை நீ வரும்போது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன், எடுத்துக்கொள்.

இன்று புதன். காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே பல் தேய்த்துக்கொண்டு பாடினாள். வெளியே வந்து, “ஏம்மா இங்கயே நிக்கற?” என்றாள். துண்டு எடுக்க வந்தேன் என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை வலிக்குமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. எனக்கு இன்னும் நிம்மதி வரவில்லை. கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

நேற்று நீ செய்த கொத்துக்கறியும் சுக்கினிக்காயும் நன்றாக இருந்தன. உப்பு சரி. ஆனால் உன்னிடம் நேரில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. எங்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டு, வேலைக்கு வந்தவன் போல, சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாய். சாப்பிட்டாயா என்று ஜோசி கேட்டதற்கு, “வீட்ல போய் சாப்பிட்டுக்கறேன்” என்றாய். நீ கிளம்பிய பிறகும் உன் வண்டி தெருவில் வெகுநேரம் நின்றது. இருவரும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். “அப்பா ஏன் இன்னும் போகல?” என்றாள். குளிரில் வண்டி சூடேறும்வரை காத்திருக்கிறார் என்றேன். அவள் நம்பவில்லை.

நாம் திரும்பச் சேரப்போவதில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் சொல்லிவிட்டோம். ஆனால் சமைத்தவன் நின்றுகொண்டிருக்க நாங்கள் சாப்பிட முடியாது.

மேசையில் மூன்றாவது நாற்காலி மேல் மடித்த துணிகளை அடுக்கிவைத்திருந்தேன், நீ பார்த்திருப்பாய். எடுத்துவிட்டேன்.

மேரன்