பிரேக் சார் இருந்தார்

மார்ச் 4
இல்லை, கொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. வெளிநாட்டிலிருக்கும் தலைமை அலுவலகம், ஆண்டு மலருக்காக எங்கள் கிளை மேனேஜரைப் பற்றிச் சில வரி கேட்டது. போன வருடத்தைப் பற்றித்தானே? கறாராக இருந்தார், எல்லோராலும் நேசிக்கப்பட்டார், இப்போது எங்களோடு இல்லை - இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். முதுகுவலி விடுப்பில் இருக்கிறார், வேறெப்படி எழுதுவது? முழுக்க இறந்தகாலம். அது இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கும் என்று தெரியாது.

மார்ச் 5
தலைமை அலுவலகத்திலிருந்து இரங்கல்கள் குவிகின்றன. அவர்களுக்கும் இங்கிலீஷ் இரவல்தான். 'உங்கள் மரணத்துக்கு வருந்துகிறோம்' என்று எனக்கே ஒன்று.

ஸ்டோர்ஸ் அக்கா: "லிஃப்ட் ரிப்பேர் பண்ற கம்பெனிடி இது. நீ ஆளையே மேல அனுப்பிட்ட."

சிரிப்பு வரவில்லை. இந்த மாதம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை நிரந்தரம். எதையும் நிறுத்திவைப்பவர். பிரேக் சார் என்று சும்மாவா பெயர்?

மார்ச் 7
சார் விடுப்பு முடிந்து வந்துவிட்டார். சொன்னேன். திட்டவில்லை.
"படி."
இரங்கல்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.
"அந்த நேர்மையானவர்னு வருதே, அத மறுபடி."
"சார், தப்புன்னு எழுதிடட்டுமா?"
"இரும்மா. நாலு பேர் நல்லதா பேசறப்ப குறுக்க போகாத."

மார்ச் 8
தலைமை அலுவலகத்திலிருந்து போன். அவரே எடுத்து, தன் சாவுக்குத் தானே நன்றி சொன்னார். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை.
பிறகு அக்காவிடம், "நீ மட்டும் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"
"உயிரோட இருக்கறவங்கள புகழ்ந்து பழக்கமில்ல சார்."

மார்ச் 11
புது மேனேஜர் திங்கட்கிழமை வருகிறாராம்.
"எழுதும்மா. நான் இருக்கேன்னு எழுது. இப்பவே."
எழுதினேன். பதில்: இழப்பை ஏற்பது கடினம், எனக்கு ஒரு வாரம் விடுப்பு.
செத்தவர் கையெழுத்து செல்லுமா?

மார்ச் 12
எங்கள் கம்பெனியில் சொல்லை நம்பமாட்டார்கள். பழுது பார்த்த லிஃப்டுக்குள் ஆள் நின்று, பொத்தானில் விரல் வைத்து, படம் அனுப்ப வேண்டும். அப்போதுதான் 'இயக்கலாம்' என்று பதில் வரும்.

சாரை லிஃப்டுக்குள் நிறுத்தினேன்.
"சிரிங்க சார்."
"இவ்வளவு பேர் அழுதிருக்காங்க. சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

வழக்கமான அதே வாசகத்தோடு அனுப்பினேன்: பழுது சரியானது, சோதித்தாயிற்று.

நான்காவது மாடியில் நிற்கும்போது பதில் வந்தது. இயக்கலாம்.

என் வேலை நிரந்தரத் தாளை லிஃப்ட் சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டார். தரைத்தளப் பொத்தானை அழுத்தினேன்.