இன்னும் நாலு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளம் வடிந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். ஊரார் கொண்டுவந்து கொடுக்கும் அரிசியையும் பருப்பையும் பால்மாவையும் பைகளில் போட்டு, வரிசையில் வருபவர்களுக்குக் கொடுப்பதுதான் என் வேலை. நேற்று நீயும் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நின்றாய். என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி நடந்துவிட்டாய்.

"அப்பா, இன்னும் நாலு பேருதானே இருக்காங்க?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. அவள் குரலை நான் கேட்பது அதுதான் முதல்முறை.

ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடி வந்தேன். உன்னைக் காணவில்லை.

அப்பாவின் காரியத்தன்று, அத்தனை பேர் முன்னால், "இனிமே என் கையால உனக்குப் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது" என்று கத்தியவள் நான்தான். நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லையடா.

நாளையிலிருந்து நான் பின்னறையில் பை கட்டப் போகிறேன். முன்னால் டீச்சர்தான் நிற்பார். பால்மாவு சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் ஒரு டப்பா தனியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து வா. யார் கொடுத்தது என்று குழந்தை கேட்டால், அத்தை என்று சொல்ல வேண்டாம். டீச்சர் என்றே சொல்லிவிடு.

அக்கா