நீயே மறுத்த சமிக்ஞை

இன்று காலை, பாளையங்கோட்டை வீட்டின் சமையலறையில் பழைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு பைக் கிளம்பவும் பாட்டு கரகரத்து அறுந்தது. "ஏட்டி, பைக்குல தெறிக்கிற இந்தப் பொறி போதும், எங்க தொலைநோக்கிக்குக் காதடைச்சிரும்" என்று நீ முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. இயற்பியல் முடித்து நான் பள்ளி ஆசிரியை ஆனேன். நீ புனே பக்கத்து ரேடியோ தொலைநோக்கிக்குப் போனாய். வெகுதொலைவு விண்மீன் மண்டலங்களில் இருக்கும் ஹைட்ரஜன் வாயு அனுப்பும் மெல்லிய அலையைத் தேடுவது உன் வேலை. பூமி உருவாகும் முன்பே கிளம்பிய அலை. ஒருநாள் போனில் கத்தினாய்: "ஏட்டி, கெடச்சிட்டு!" வரைபடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தக் கத்தல்.

பிறகு புற்றுநோய். முக்கூடலுக்கு, அம்மாவிடமே வந்துவிட்டாய். படுக்கையில் கிடந்தபடி அந்த மேட்டையே திரும்பத் திரும்பச் சோதித்தாய். நான் பார்க்க வந்திருந்த ஒரு மாலையில் மடிக்கணினியிலிருந்து நிமிராமலே சொன்னாய்:

"இது வானத்துலேருந்து வரலட்டி. செயற்கைக்கோள் சத்தம்."

"மொதல்ல உடம்பு தேறட்டும். பைய சொல்லிக்கிடலாம்."

"அதுக்குள்ள இதை நம்பி இன்னும் நாலு பேரு வேலை பாப்பாங்க. நீ டைப் பண்ணு, எனக்குக் கை நிக்க மாட்டேங்கு."

உன் குழுவுக்கு மறுப்புக் கடிதத்தை நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அனுப்பியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நோய்க்கு அழாதவள் அன்று அழுதாய். அந்த ஐப்பசி மழையில் போய்விட்டாய்.

போன வாரம் உன்னோடு வேலை பார்த்தவர் அழைத்தார். புதிய கருவிகளைப் பொருத்தி, நீ சொல்லிப்போன வழியிலேயே செயற்கைக்கோள் இரைச்சலைக் கழித்துவிட்டு மறுபடி கேட்டிருக்கிறார்கள். வேறொரு மண்டலத்திலிருந்து, இம்முறை நிஜமாகவே, அலை கிடைத்திருக்கிறது.

அன்றே முக்கூடலுக்கு பஸ் ஏறினேன். அந்த அலை எத்தனை கோடி வருடம் பயணப்பட்டு வந்தது என்பதுவரை சொன்னேன். உன் அம்மா கேட்டுவிட்டு, "நம்ம பிள்ள தேடுனதா?" என்றார்.

"ஆமாம்மா. அவ தேடுனதுதான்."

அம்மா, "அம்புட்டு காலமா வந்துக்கிட்டிருந்தது, இன்னும் ரெண்டு வருசம் முந்தி வந்திருக்கப்படாதா?" என்றார்.

எனக்குத் தெரிந்த பதிலை அவரிடம் சொல்ல முடியவில்லை. அது முந்தியே வந்துவிட்டது. நீ அழுத அந்த நாட்களிலும் உன் வீட்டுக் கூரைமேல் விழுந்துகொண்டுதான் இருந்தது. கேட்பதற்கான கருவிதான் அப்போது நம்மிடம் இல்லை. அம்மாவிடம் சொல்லாத அந்தப் பதிலோடுதான் திரும்பி வந்தேன். இன்னும் அது என்னிடமே இருக்கிறது.