ஒன்பதாம் அத்தியாயத்து ஆட்டுத் திருடன்

ஜனவரி 19

அன்பு மகள் யோருனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதையும் நலம் என்றே எழுதச் சொல்லி அடுக்களையிலிருந்து கத்துகிறார். நீ லிஸ்பனில் வெயில் காய்ந்துகொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பனி மூடிய பாதையை நேற்றுத்தான் திறந்தார்கள், அதனால்தான் இந்தத் தாமதம்.

கிறிஸ்துமஸுக்கு உன் புது நாவல் எங்களுக்கு ஏழு பிரதி வந்தது. பெற்றவர்களுக்கு மகள் எழுதியதைக் கொடுக்காமல் வேறு எதைக் கொடுப்பது என்று ஏழு பேருக்கும் ஒரே யோசனை. ஒன்றை வைத்துக்கொண்டு ஆறைக் கடையில் மாற்றப் போனேன். அங்கிருந்த பெண், பெத்த பொண்ணு புக்கையே திருப்பித் தர்றீங்களே, அவ்வளவு மோசமா என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏழு தடவை படிக்க முடியாதும்மா என்று சொல்லி, ஒரு மீன் சமையல் புத்தகமும் ஐந்து துப்பறியும் கதையும் வாங்கி வந்தேன். கோபித்துக்கொள்ளாதே, எல்லாவற்றிலும் கொலைகாரன் கடைசியில் மாட்டிக்கொள்கிறான், உன் நாவலில் அந்த நிம்மதி கிடையாது. நீ மீன் ஆலையில் கத்தியும் கையுமாக நின்றபடி யோசித்து எழுதிய முதல் கவிதைப் புத்தகம் பதினோரு பிரதி போனது, அதில் நாலு நான் வாங்கியது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நாவலை ஒருவர் பத்திரிகையில் கிழித்துப் போட்டபோது மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாய். இன்று பதினாறு மொழியில் வருகிறாய், பரிசு வாங்க என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் நிற்கிறாய், எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் எழுத்தில் இருக்கும் மகத்தான மௌனத்தைப் பற்றி ஜெர்மானியர்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்களாமே, அது உன் அப்பா காலையில் காப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் லட்சணம், நாற்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு யாரும் பரிசு தரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் உன் திருடன் மலையில் மேயும் பிறத்தியார் ஆட்டுக்குட்டிகளைப் பிடித்து, அவை தன்னுடையவை என்று காட்டத் தன் காதுக்குறியை வெட்டி விடுகிறான் இல்லையா, வலது காதில் நுனி வெட்டு, இடது காதில் பிளவு என்று நீயும் விவரமாக எழுதிவிட்டாய். லிஸ்பனில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கையில் உன் நாவல், மறு கையில் எந்தக் குறி யாருடையது என்று அச்சிட்ட காதுக்குறிப் பதிவேடு. பக்கத்துப் பண்ணை பார்துர் விடியும் முன்னே போன் போட்டு, ஏ ரன்வெய்க், அந்தத் திருட்டுப்பய குறி யார் பேர்ல இருக்குன்னு பாத்தியா, பதிவேட்டுல நாப்பத்தி மூணாம் பக்கம், உம்பொண்ணு பேருல்ல போட்டிருக்கு என்று சொல்லிவிட்டுச் சிரித்தான் பார், காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஊரே கூடி உட்காரும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. பாதிரியார்கூட, பாவத்தை ஒத்துக்க முந்நூறு பக்கமா, எங்கிட்ட வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பேனே என்றார்.

நீ அதைக் கற்பனை என்று நினைத்திருப்பாய். உனக்கு ஆறு வயதில் அப்பா ஒரு பெட்டைக் குட்டி கொடுத்து, உன் பெயரில் ஒரு குறியும் பதிந்தார். மூளை மறந்தாலும் கை மறக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் எனக்கே தெரியாத ஒன்று இதனால் வெளியே வந்தது. அந்தக் குட்டியோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பார்துர் போனுக்குப் பிறகு கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு காதாகத் தடவிப் பார்த்தேன், உன் குறியோடு பதினான்கு ஆடுகள் நிற்கின்றன. உன் அப்பாவிடம், இதென்ன ஓர்முர் என்று கேட்டால், அதுங்க பாட்டுக்குப் பெருகிடுச்சு என்கிறார் அந்த மனுஷன், காதுக்குறி தானாக முளைக்கிற மாதிரி.

பதிவேட்டை எட்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சடிப்பார்கள், இது அந்த வருஷம். பிப்ரவரி முடிவதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் குறி கைமாறும். பார்துருடைய மருமகள் தன் கைக்குழந்தைக்கு அதைக் கேட்கிறாள், இரண்டே வெட்டில் முடிகிற குறி யாருக்குத்தான் கசக்கும். போன தடவைகளில் எல்லாம் அப்பாவே உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இப்போதும் போடப் பேனாவை எடுத்தார். பிடுங்கிவிட்டேன். அவளுக்கு நாற்பத்தொரு வயசு, அவகிட்ட கேளுங்க என்றேன். மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கேட்டா வேணாம்னுடுவா என்றார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது யோருன். நீ வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஒரு நாள்கூட அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது, நான் காலுறை அளவு கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மனம் நோகுமே என்று கையெழுத்துப் போடாதே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, அந்தக் குழந்தைக்கு நல்ல குறி கிடைக்கட்டும், ஆடுகளுக்கு ஒரு குறையும் வராது. வேண்டும் என்றால் செப்டம்பரில் மலையிலிருந்து மந்தை இறங்கும்போது நீயே வந்து உன் ஆடுகளைக் கொம்பைப் பிடித்து இழுத்துப் பட்டியில் விடு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இனி அவரால் பதினான்கை இழுக்க முடியாது.

மீன் எண்ணெய் குடிக்க மறக்காதே, வெயில் இருக்கிறதே என்று சாக்குச் சொல்லாதே. கடவுள் உன்னையும் உன் பேனாவையும் காப்பாற்றட்டும், பேனாவைக் கொஞ்சம் கட்டியும் வைக்கட்டும். பதிலை மட்டும் அப்பா பெயருக்கு எழுது. இந்த வீட்டுக்கு வருகிற கடிதத்தையெல்லாம் நான்தான் பிரிப்பேன் என்பது உனக்குத் தெரியும். அதை மட்டும் பிரிக்க மாட்டேன்.

உன் அம்மா,
ரன்வெய்க்