முகப்பு விளக்கு மட்டும் மீதம்

நாகலூர்,
நவம்பர் 12.

வெட்டுண்ட கோலையும் துளிர்க்கச் செய்யும் ஆண்டவருக்கே முதல் வணக்கம்.

அன்பு மகன் மெல்வினுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இறையருளால் நலம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகள் ஷெர்லினும் நலமாயிருக்க நாள்தோறும் மன்றாடுகிறோம். ஞாயிறுதோறும் நீ அம்மாவோடு போனில் பேசும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவதை அறிவாய். வாயால் சொல்ல நா எழாததை எழுதத் துணிந்தேன்.

உன் தம்பி ஜாபெஸ் மறைந்த இந்த நான்காண்டில் வீட்டுத் தோட்டம் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. மலைப்பாதையில் அவனோடு விழுந்த பைக்கும் அந்தப் புதருக்குள் துருவேறிக் கிடந்தது. அதை எவரும் தொடலாகாது என்பது என் கட்டளை. ஜூன் மாதம் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் பழைய மெஷினைக் கழித்தார்கள். அதன் துளைத் தகடுகளை உன் அம்மா கேட்டு வாங்கிவந்து, வெட்டி வளைத்துச் சூரியகாந்திப் பூக்களாக்கி நட்டாள். ஊர் பார்க்க வந்தவர்கள் வீசிய பச்சைப் பாட்டில்களைத் தலைகீழாய்ப் புதைத்துப் பாத்திக்கு வரம்பு கட்டினாள்; கோவில் கூரையில் கழித்த ஓடுகள் கோழியும் குஞ்சுகளுமாயின. இரும்புக் கடை வைக்கப் போகிறாயா என்றேன். "பேசாம இருங்க, இல்லீனா உங்களையும் ஒரு மூலையில நட்டுப் பெயிண்ட் அடிச்சுப்புடுவேன்" என்றாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நான் ஏற்காடு பஜாருக்கு மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தபோது, பக்கத்துக் காட்டுச் சின்னையனைத் துணைக்கு வைத்துப் பைக்கைப் பிரித்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால், வெள்ளையடித்த கற்களுக்கு நடுவே சக்கரம் நிமிர்ந்து நிற்கிறது, அதன் கம்பிகளில் சங்குப்பூக்கொடி ஏற்றியிருக்கிறது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் குரல் அடங்குமுன் சின்னையன் மனைவி சின்னத்தாயி வேலியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சக்கரத்தடியில் செவ்வந்திப் பூ வைத்துக் கும்பிட்டாள். "ஏனுங்க வாத்தியாரே, ஜாபெஸ் தம்பிக்குக் கல்லு நட்டுட்டீங்களாட்டம் இருக்குது. நொம்ப நல்லதுங்க. போனவங்க பேரை ஊட்டுல சொல்லாமயே வெச்சிருக்கக் கூடாதுங்க" என்றாள். கல் நட்டுக் கும்பிடுவது நம் வழக்கமன்று எனத் தடுக்க வாயெடுத்தேன், அதற்குள் நான் நடத்திய பாடமே நினைவுக்கு வந்தது. வீழ்ந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்ததைச் சொல்லும் பழம்பாடல்களுக்கு முப்பத்தோராண்டு வகுப்பறையில் பொருள் சொன்னவன் நான். அந்தக் கல் என் வீட்டிலேயே நின்றபோது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சின்னத்தாயி போனதும் உன் அம்மா, "ஊருக்கெல்லாம் பொருள் சொன்னீங்க, பெத்த மகனுக்கு ஒரு வரி எழுதத் தெரியலீங்களா?" என்று கேட்டாள்.

அடக்கத்தன்று எல்லோர் முன்னிலையிலும், நீ வாங்கிக் கொடுத்த வண்டிதானே அவனைக் கொண்டுபோயிற்று என்றேன். அதன்பின் நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. மெல்வின், அன்று அந்த மழையில் அவனைச் சேலத்துக்கு அனுப்பியவன் நான். பழுது பார்க்கக் கொடுத்திருந்த என் மூக்குக்கண்ணாடியை வாங்கிவரத்தான் போனான். என் பழியைச் சுமக்க மாட்டாமல் உன் தலையில் இறக்கினேன். உன் அம்மாவிடம் நேற்றுத்தான் இதைச் சொன்னேன். கையிலிருந்த கம்பியை முறுக்கி முடித்துவிட்டு, "எனக்குத் தெரியுமுங்க" என்றாள், அவ்வளவே. பாவ அறிக்கை செய்து குருவிடம் மன்னிப்புப் பெற்றேன். உன்னிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டு முடித்துக்கொள்ள முடியாது கண்ணு. என்னை மன்னித்துவிடு.

பைக்கில் மற்றதெல்லாம் தோட்டத்தில் சேர்ந்துவிட, முகப்பு விளக்கு ஒன்றுதான் மீதம். அதைச் சக்கரத்தின் மேல் பொருத்தலாம் என்று நான் எடுத்தபோது, "அது பெரியவன் வந்து வைக்கோணும்" என்று உன் அம்மா பிடுங்கித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். கிறிஸ்து பிறப்புக்கு விடுப்புக் கிடைக்குமா? சாக்லேட்டு எதுவும் சுமந்து வர வேண்டாம், அந்த விளக்குக்கு ஒரு பல்பு போதும் என்கிறாள். சேலத்திலிருந்து பஸ்ஸில் பகலிலேயே ஏறி வாருங்கள். நான் நிறுத்தத்தில் நிற்பேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் இல்லத்தில் சமாதானம் நிலைக்கச் செய்வாராக.

உன் வரவை நோக்கியிருக்கும் அப்பா,
மரியதாஸ்