ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு

அண்ணா,

விறகு நனைந்துவிட்டது என்று இன்று காலை என் வீட்டுக்காரி உன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கிப் பற்றவைத்தாள். அந்த வாடை வந்தபோது நான் சின்னவனுடைய காலேஜ் உதவித்தொகைப் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்குப் படிவம் என்றால் இன்றும் கை வியர்க்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு உன்னிடம் பேச உட்கார்ந்துவிட்டேன்.

முதல் படிவம் கோமதிக்கு. வேலூரில் அவளுக்கு பி.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை வந்தால் படிப்பு, வராவிட்டால் என் மகளும் ஷூ கம்பெனியில் தையலுக்கு உட்கார வேண்டியதுதான். ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்த வருவாய் ஆய்வாளர், ஒரே கார்டு, ஒரே அடுப்பு, டேனரியில் அண்ணன் தம்பி இரண்டு சம்பளம், வரம்பைத் தாண்டுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ தனிக்குடித்தனம் என்றால் என் சம்பளம் மட்டும் கணக்காம். கார்டும் தனியாக வேண்டும், அடுப்பும் தனியாக வேண்டும். நேரில் வந்து பார்ப்பாராம்.

அண்ணி செத்த நாளிலிருந்து எங்களோடு சாப்பிட்டவன் நீ. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மென்று முழுங்கினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போய் ஸ்டவ்வோடு திரும்பினாய். "இன்னாடா மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சி? பின்னாடி ரூமு சும்மாதானே கெடக்குது" என்றாய்.

பேருக்கு ஒரு ஸ்டவ், சோறு எங்களோடுதான் என்று நினைத்தேன். நீயோ நாளெல்லாம் டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்றுவிட்டு வந்து அரிசி களைந்தாய். வீட்டுக்காரி குழம்பு கொண்டுவந்தால், உங்கள் வீட்டுக் கிண்ணம் இங்கே இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று திருப்பி அனுப்பினாய். ஆய்வாளர் வந்த ஞாயிற்றுக்கிழமை உன் சட்டியைத் திறந்து பார்த்தார். மேலே கஞ்சி, அடியில் கரி. "இது தனிச் சமையல்தான், சந்தேகமே இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். அவர் தெருமுனை தாண்டியதும், "பாத்தியாடா, என் சமையலுக்கு கவர்மெண்டே சர்டிபிகேட் குடுத்துட்டுப் போவுது" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. கோமதி மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சான்றிதழை வருஷா வருஷம் புதுசாக வாங்க வேண்டும். அதனால்தான் அந்தப் பொங்கல் அப்படியானது. நீயாகவே தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பெரிய விவரக்காரன் நான், வாசலைப் பார்த்துக்கொண்டே, "படிப்பு முடியட்டும்ணா, யாராவது பாத்தா பேஜாரு" என்றேன். பொங்கலன்று எந்த அதிகாரி வரப்போகிறான்? நீ தட்டை எடுத்துக்கொண்டு பின்ரூமுக்குப் போய்விட்டாய். காணும் பொங்கல் வரைக்கும் வீட்டுக்காரி என்னோடு பேசவில்லை.

கோமதி டிகிரி முடித்ததும் வந்து உன் கையைப் பிடித்து இழுத்தாள். "பெரியப்பாவுக்குக் கரிச்சோறு பழகிப்போச்சும்மா" என்றாய். அதற்கப்புறமும் நாலு வருஷம், போன மாசியில் நீ கண்ணை மூடும் வரைக்கும், பின்ரூமில் தனியாகத்தான் பொங்கினாய். கார்டை ஒன்றாக்க நான் தாலுகா ஆபீஸ் பக்கமே போகவில்லை. கேட்டவர்களிடம் சோம்பேறித்தனம் என்றேன். சின்னவனுக்கும் ஒருநாள் படிவம் வருமே என்று உள்ளே ஒரு கணக்கு இருந்தது. அது உனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும்.

வந்துவிட்டது. கோமதி குடியாத்தத்துக்கு வாழப் போய்விட்டாள், இப்போது நாங்கள் மூன்று பேர். குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை என்ற இடத்தில் நான் உன்னையும் சேர்த்து நாலு என்று எழுதியிருக்கிறேன். சின்னவன் எட்டிப் பார்த்து அந்த இடத்தில் விரலை வைத்தான். பிறகு, "அடிச்சிட்டு பக்கத்துல கையெழுத்து போட்ருப்பா" என்றான்.

இன்னும் அடிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மூன்று என்றுதான் எழுதப்போகிறேன், அண்ணா. கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.