கழுவி வைத்த பாட்டில்கள்

சிந்தெச்சே, மலாவி
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் தெம்வாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பால் சுகம். நார்வே குளிரில் நீ உடம்பாலும் மனசாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலையும் தேவாலயத்தில் மண்டியிட்டேன், ஆனால் வேண்டுதல் முழுதாக வாயில் வரவில்லை, காரணத்தைக் கீழே எழுதுகிறேன். நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படித்த பிறகு உனக்கு இவற்றில் மனசு போகாது. உன் அண்ணன் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, யார் விரல் கிடைத்தாலும் கடிக்கிறாள். உசிப்பா மீன் நன்றாக விழுகிறது, காயப்போட இடமில்லாமல் கூரை மேலும் பரப்பியிருக்கிறோம். ஏரி மேல் பூச்சிகள் புகை மாதிரி எழும்பிக் கரைக்கு வந்தன, எலுபே சித்தி பிடித்து அடை தட்டினாள், உனக்குப் பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டே தின்றேன். நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அப்பாவும், உங்கள் ஆராய்ச்சி வேலையை இங்கே பார்த்துக்கொள்ளும் கோண்ட்வேயும் போய், போன வருஷம் நீ வந்து ஏரியில் தொங்கவிட்ட புனலை இழுத்து வந்தார்கள். அதன் அடியில் மாதத்துக்கு ஒன்றாக நிரம்பிய பாட்டில்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, திங்கட்கிழமை லாரியோடு வருகிறேன் என்று சொல்லிக் கோண்ட்வே நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அப்பா வலை பார்க்கப் போய்விட்டார். லாரியில் ஆடி உடையக் கூடாதே என்று இடையில் துணி வைக்கத்தான் நான் பெட்டியைத் திறந்தேன், தெம்வா, வேறு எண்ணமே இல்லை. திறந்தால் ஒவ்வொரு பாட்டிலிலும் அடியில் சேறு, சளி மாதிரி ஏதோ பச்சை, செத்த பூச்சி, கண்ணை எரிக்கும் நெடி.  மகள் படிக்கிற இடத்துக்கு, அவளுடைய பேராசிரியர் கைக்கு, என் வீட்டிலிருந்து இப்படியா போவது என்று தோன்றியது. என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. கடன் வாங்கிய பானையை வாங்கியபோது இருந்ததைவிடப் பளபளப்பாகத்தான் திருப்பிக் கொடுப்பேன், அழுக்குப் பாத்திரம் அனுப்பியவள் என்று இந்தக் கரையில் ஒருத்தி என்னைச் சொன்னதில்லை. எலுபேயையும் கூப்பிட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். சாம்பலும் மணலும் போட்டு இரண்டு பேரும் தேய்த்தோம். ஒரே ஒரு பாட்டிலின் மூடி மட்டும் இறுகிப்போய் வரவில்லை, எலுபே பல்லால் கூடக் கடித்துப் பார்த்தாள். மற்றதையெல்லாம் முற்றத்தில் பாத்திரம் காயவைக்கும் பரணில் கவிழ்த்து வைத்து, வெயிலில் மின்னுவதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அப்பா வந்து பரணைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுக்கா இருந்துச்சுன்னு கழுவினேன் என்றேன். “அந்த அழுக்கைத்தானே அவ கேட்டா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு மெதுவாகச் சொன்னார். நம் அடுப்புப் புகையில் இருக்கிற கரி காற்றில் கலந்திருக்கிறதாம், ஏரியில் கண்ணுக்குத் தெரியாத செடிகள் அதைத் தின்று வளர்ந்து, செத்து, தூசி மாதிரி கீழே இறங்குமாம். அதில் எவ்வளவு அடியில் போய்ப் புதைகிறது, எவ்வளவு திரும்பக் காற்றுக்கு வருகிறது என்று மாதா மாதம் அளக்கத்தான் அந்தப் புனலாம். நீ போனில் இதையெல்லாம் சொல்லும்போது அப்பாதான் காது கொடுத்துக் கேட்பார், நான் சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் போனை வாங்குவேன். உன்னுடைய ஒரு வருஷத்தை மணல் போட்டுத் தேய்த்து ஏரியிலேயே கொட்டிவிட்டேன், மகளே.

இதோடு முடிந்திருந்தால் முட்டாள்தனம் என்று சொல்லித் தலை குனிந்துகொள்வேன். எலுபே சொன்னாள், “சேத்துல என்ன பேரா எழுதியிருக்கு அக்கா? கரையில இருந்து நாலு கை அள்ளிப் போட்டா எந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியப்போகுது?” அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். கோண்ட்வே முன்னால் என் மானம் போகுமே என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து வாளியை எடுத்தார். நாணல் ஓரத்துச் சேற்றை அவர் அள்ளினார், நான் பாட்டிலில் ஊற்றினேன். நான்தான் ஊற்றினேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று மத்தியானம் நீ போன் செய்தாய். “எங்க அம்மா வீட்டுல இருக்குன்னா பூட்டுப் போட்டு வச்ச மாதிரின்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்” என்றாய். பத்திரமா இருக்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனை அப்பா கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். அவரும் பத்திரமாகத்தான் இருக்கிறது என்றார். உன்னைப் பொய் சொன்னதற்காக ஒருமுறை நான் அடித்திருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, இன்று என் கை எனக்கே பாரமாக இருந்தது. போனில் சொல்ல முடியவில்லை. உன் குரலைக் கேட்டால் என் வாய் மறுபடியும் பொய்தான் சொல்லும், அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போதுதான் பெட்டியை மறுபடி திறந்து அந்தக் கரைச் சேற்றையெல்லாம் கொட்டினேன். அப்பா தடுக்கவில்லை, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவை காலியாகவே வருகின்றன. நாளை கோண்ட்வேயிடமும் நானே சொல்லி, பெட்டியோடு இந்தக் கடிதமும் உன் கையில்தான் சேர வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தனுப்புவேன். உன் பேராசிரியரிடம் மறைக்காதே, என் அம்மா கழுவிவிட்டாள் என்று சொல், அவர் சிரித்தால் சிரிக்கட்டும். உனக்குப் பட்டம் தள்ளிப்போனால் அது என்னால், உன்னால் இல்லை. கோபம் இருந்தால் திட்டி எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கடவுள் உன்னைக் காப்பார், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். ஒன்றை மறந்துவிடாதே, மூடி இறுகின அந்த ஒரு பாட்டில் மட்டும் ஏரியில் இருந்தபடியே இருக்கிறது. தென்காற்று பலமாக அடித்த மாதத்தது என்று அப்பா சொல்கிறார். அதன் வெளிப்பக்கம் கூடப் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு தரம் துணியைக் கையில் எடுத்தேன், இரண்டு தரமும் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டிலிருந்து முதல் முறையாக ஒரு பாத்திரத்தை அழுக்கோடு அனுப்புகிறேன், வாங்கிக்கொள்.

உன் அம்மா,
நியாம்பாண்டே